வீழ்ந்த ஆட்சிகளும் வீழாத அடுக்கும்

(செங்கல்பட்டில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1994 அக்டோபர் 10 அன்று இதே செங்கல்பட்டில், பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுத் திரண்ட மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்களை இழந்தோம். அவர்கள் நினைவாகத்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

கரணை நிலத்தைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் முசோலினியையும் ஹிட்லரையும் அமெரிக்க, சோவியத் போட்டியையும் ஏன் பேச வேண்டும்? நம்ம சண்டைக்கும் அவங்க சண்டைக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வி உங்களில் பலருக்கு இருக்கும். நியாயமான கேள்வி. இந்த உரை முழுவதும் அதற்கான பதில்தான்.

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிலமற்றவர்கள் தலைநிமிர்ந்த இடத்தில் பாசிசத்துக்கு வாசல் திறந்துவிடப்பட்டது. போரில் அது தோற்ற பிறகு, அதன் அதிகாரிகளுக்கும் கூட்டாளிகளுக்கும் வல்லரசுப் போட்டி புகலிடம் தந்தது. நிலம் கேட்டவர்களின் கேள்வியை அந்தப் போட்டி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னுக்குத் தள்ளியது. போட்டி முடிந்தும் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. 1994இல் இந்த ஊரில் சுடப்பட்டது அந்தக் கேள்விதான்.

வாசலைத் திறந்தவர்கள்

பாசிசம் என்றால் மேடையில் கையை வீசிக் கத்துகிற ஒரு தலைவனின் படம்தான் நம் நினைவுக்கு வருகிறது. அந்தப் படம் நம்மை ஏமாற்றுகிறது. தலைவனைப் பார்க்கிறோம், அவனுக்குக் கதவைத் திறந்தவர்களைப் பார்க்கத் தவறுகிறோம்.

1919 மார்ச்சில் மிலான் நகரில் முசோலினி தன் அமைப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டுத் தேர்தலில் அது படுதோல்வி. அது உயிர்பெற்ற இடம் வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளி. அங்கே நிலமற்ற கூலி விவசாயிகள் சங்கம் கட்டியிருந்தார்கள். எத்தனை பேரை வேலைக்கு எடுப்பது, என்ன கூலி என்பதில் சங்கத்துக்குச் சொல் இருந்தது. காலங்காலமாகக் கைகட்டி நின்றவன் பேரம் பேசுவதைப் பண்ணையார்களால் பொறுக்க முடியவில்லை. 1920 கடைசியிலும் 1921இலும் கருஞ்சட்டைக் குழுக்களுக்குப் பணமும் வண்டியும் அவர்களிடமிருந்து போயின. இரவில் லாரிகளில் வந்து சங்கக் கட்டடங்களைக் கொளுத்தினார்கள். சங்கத் தலைவர்களை வீடு புகுந்து அடித்தார்கள். போலீஸ் வேடிக்கை பார்த்தது. 1921 தேர்தலில் பாசிஸ்டுகளுக்குக் கிடைத்தவை வெறும் 35 இடங்கள். ஆனாலும் 1922 அக்டோபரில் மன்னர் முசோலினியை அழைத்து ஆட்சியை ஒப்படைத்தார்.

ஜெர்மனியில் கதை இன்னும் துலக்கமாக இருக்கிறது. 1932இல் பிரதமராக இருந்த புரூனிங் இடதுசாரி அல்லர். கத்தோலிக்க மையக் கட்சிக்காரர். கிழக்கு ஜெர்மனியில் ‘யுங்கர்’ எனப்பட்ட பெருநிலக்கிழார்களின் பண்ணைகள் பல கடனில் மூழ்கிக் கிடந்தன. இனித் தேறாது என்ற நிலையிலிருந்த பண்ணைகளை எடுத்து நிலமற்றவர்களைக் குடியமர்த்த அவர் அரசு ஒரு திட்டம் போட்டது. யுங்கர்கள் கொதித்தெழுந்தார்கள். இது ‘விவசாய போல்ஷ்விசம்’ என்று குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கிடம் முறையிட்டார்கள். அவரும் அவர்களில் ஒருவர்தான்; நொய்டெக் என்ற பண்ணை அவருக்கு அன்பளிப்பாக வந்தது. 1932 மே 30 அன்று புரூனிங் பதவி இழந்தார். படைத் தளபதிகளின் சூழ்ச்சியும் சேர்ந்தே அவரை வீழ்த்தியது என்பது உண்மை. ஆனால் நிலத்துக்கு ஆபத்து என்ற கூக்குரல் இல்லாமல் அந்தச் சூழ்ச்சி பலித்திருக்குமா என்று யோசியுங்கள்.

அடுத்து நடந்ததை எண்களில் பாருங்கள். 1932 ஜூலைத் தேர்தலில் நாஜிகளுக்கு 37 சதவீத வாக்கு, 230 இடங்கள். நவம்பரில் அது 33 சதவீதமாக, 196 இடங்களாகக் குறைந்தது. அதே நவம்பரில் சமூக ஜனநாயகக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் சேர்த்து 221 இடங்கள். இரண்டும் ஒன்றையொன்று முதல் எதிரியாகக் கருதின. நாஜிகள் இறங்குமுகத்தில் இருந்தபோதுதான், 1933 ஜனவரி 30 அன்று, ஹிண்டன்பர்க் ஹிட்லரைப் பிரதமராக நியமித்தார். ஹிட்லர் கதவை உடைத்துக்கொண்டு வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் திறந்துவிட்டார்கள். எதிர்த்து நின்றிருக்க வேண்டியவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அங்கிருந்து செங்கல்பட்டுக்கு வருவோம். புரூனிங்குக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1891இல், இந்த மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலத்தைத் தர்க்காஸ்தில் கேட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை; பறையர் குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில்; எதிர்த்துப் பேசினால் குடிசையும் போகும். இதையெல்லாம் பதிவு செய்து, நிலம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். மிராசுதார்கள் எதிர்த்தார்கள். ஊர் வழக்கம் கெட்டுவிடும், வேலைக்கு ஆள் கிடைக்காது என்ற தொனியிலேயே எதிர்ப்பு எழுந்தது. அப்போது லெனினுக்கு வயது 21. போல்ஷ்விக் என்ற சொல்லே பிறக்கவில்லை. ஆக, நிலமற்றவனுக்கு நிலம் என்றதும் எழுகிற கூச்சலுக்கு ரஷ்யப் புரட்சி தேவைப்படவில்லை. பெயர் பிறகு வந்தது; பயம் முன்பே இருந்தது.

1892 செப்டம்பர் 30 அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் வந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்று நிபந்தனையும் வந்தது. அந்த நிபந்தனையை மீறியே நிலம் கைமாறியது. எழுதிக் கொடுத்த அரசின் பத்திர அலுவலகத்தில்தான் அதுவும் பதிவானது.

அம்பேத்கர் வைத்த உரைகல்

பாசிசத்தை இந்தியாவில் இருந்தபடி கூர்மையாகப் படித்தவர் பாபாசாகேப். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1943 செப்டம்பரில், டெல்லியில் தொழிற்சங்கத்தினர் பயிற்சி முகாமின் நிறைவில் தொழிலாளரும் நாடாளுமன்ற ஜனநாயகமும் என்ற பொருளில் அவர் பேசினார். அப்போது அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் நாடாளுமன்ற ஜனநாயகம் ஏன் அவ்வளவு சுலபமாகச் சரிந்தது என்று கேட்டார். சர்வாதிகாரியின் திறமை என்று அவர் பதில் சொல்லவில்லை. வாக்குரிமையைக் கொடுத்துவிட்டு, பொருளாதார சமத்துவத்தையும் சமூக சமத்துவத்தையும் கண்டுகொள்ளாமல் விட்டதால், அந்த ஜனநாயகத்தைக் காக்க அடித்தட்டு மக்களுக்குக் காரணமே இல்லாமல் போனது என்பது அவர் வாதத்தின் சாரம். 1949 நவம்பர் 25 அன்று அரசியலமைப்பு அவையில் அவர் விடுத்த எச்சரிக்கை இதன் தொடர்ச்சி. அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் சமத்துவமின்மை என்ற முரண்பாட்டோடு குடியரசுக்குள் நுழைகிறோம் என்றார். அதைச் சொன்னபோது ஐரோப்பாவின் இடிபாடுகள் அவர் கண்முன் இருந்தன.

இங்கே வேறு விதமாக ஐரோப்பாவைப் படித்தவர்களும் இருந்தார்கள். இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சே 1931 மார்ச்சில் ரோமில் முசோலினியைச் சந்தித்தார். பாசிஸ்டுகளின் இளைஞர் பயிற்சி நிலையங்களைப் பார்த்து வியந்தார். பிறகு நாசிக்கில் ராணுவப் பள்ளி தொடங்கினார். 1939இல் வெளிவந்த கோல்வால்கரின் நூல், ஜெர்மனி யூதர்களை அகற்றியதை இந்துஸ்தானம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாக முன்வைத்தது. இந்தியாவில் பாசிசம் என்ற பேச்சே மிகை என்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைக்கட்டும்.

அதே சமயம் சமூகவியல் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாதியும் பாசிசமும் ஒன்றல்ல. பாசிசம் நவீன காலத்தின் வெகுஜன அரசியல். அதற்குக் கட்சி வேண்டும், தலைவன் வேண்டும், சீருடை வேண்டும். சாதிக்கு இவை எதுவும் வேண்டாம். கட்டளை இல்லாமலே அது நடக்கும். தேர்தலில் தோற்காது, போரில் சரணடையாது. ஆனால் இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. அதைத்தான் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். மேலே இருப்பவன் மிதிப்பது மட்டுமல்ல அது. நடுப்படியில் நிற்பவனுக்கும் மிதிக்க ஒருவன் கீழே இருக்கிறான் என்ற ஆறுதலைத் தருவது. வேலை இழந்த ஜெர்மன் குமாஸ்தாவுக்கு நாஜிகள் சம்பளத்துக்கு முன்பாகக் கொடுத்தது, யூதனைவிட நீ உயர்ந்தவன் என்ற பட்டத்தை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று காலனிகளும் எரிந்தபோது, கொளுத்த வந்த கூட்டத்தில் எல்லோரும் பண்ணையார்களா? இல்லை. பலரும் நம்மைப் போலவே பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகிறவர்கள். அந்த நடுப்படியின் உளவியலைப் புரிந்துகொள்ளாமல் பாசிச எதிர்ப்பு பேசினால், அது சுவரொட்டியோடு நின்றுவிடும்.

தோற்றவர்களுக்குக் கிடைத்த புகலிடம்

அடுத்த கேள்வி: பாசிசம் தோற்றது, பிறகு உலகம் ஏன் இரண்டாகப் பிளந்தது?

1939 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்சும் செக்கோஸ்லோவாக்கியாவை ஹிட்லருக்குத் தாரைவார்த்திருந்தன. இன்னொருவன்மீது அவன் பாயட்டும் என்ற கணக்கு இரண்டு பக்கமும் இருந்தது. 1941 ஜூன் 22 அன்று ஹிட்லர் சோவியத் நாட்டின்மீதே பாய்ந்தபோதுதான் முதலாளிய நாடுகளும் சோவியத்தும் ஒரே அணிக்கு வந்தன. பொது எதிரி கட்டி வைத்த கூட்டணி அது. 1945 ஏப்ரல் 25 அன்று எல்ப் ஆற்றங்கரையில் அமெரிக்கச் சிப்பாயும் செஞ்சேனைச் சிப்பாயும் கைகுலுக்கினார்கள். எதிரி செத்ததும் கட்டு அவிழ்ந்தது. சுமார் 2 கோடியே 70 லட்சம் மக்களைப் பறிகொடுத்த சோவியத், தன் மேற்கு எல்லையில் இனி எவரையும் நம்புவதில்லை என்று கிழக்கு ஐரோப்பாவைப் பிடித்துவைத்தது. பிரிட்டனும் பிரான்சும் வலுவிழந்த இடத்தில் அமெரிக்கா வந்து நின்றது. 1947 மார்ச்சில் ட்ரூமன் கொள்கை. இரண்டே ஆண்டுகளில் நண்பர்கள் எதிரிகளானார்கள்.

வல்லரசுப் போட்டிக்கு ஆயுதம் கொடுத்ததும் பாசிசம்தான். 1938 டிசம்பரில் பெர்லினில் அணுப்பிளவு கண்டறியப்பட்டது. அந்த ஆய்வில் பங்குகொண்ட லீஸ் மைட்னர் யூதப் பிறப்பினர் என்பதால் சில மாதங்களுக்கு முன்பே தப்பி ஓடியிருந்தார். ஹிட்லர் துரத்திய அறிவியலாளர்கள், ஹிட்லருக்கு முன் குண்டு செய்துவிட வேண்டும் என்ற பதைப்பில் அமெரிக்காவில் உழைத்தார்கள். ஜெர்மனி 1945 மே மாதமே சரணடைந்துவிட்டது. குண்டு ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் விழுந்தது. 1949 ஆகஸ்டில் சோவியத்தும் வெடித்துக் காட்டியது.

ராக்கெட்டும் அப்படித்தான். வி-2 ராக்கெட்டை மிட்டல்பாவ்-டோரா முகாமில் சுரங்கத்துக்குள் கைதிகள் அடிமைகளாகச் செய்தார்கள். அது விழுந்து இறந்தவர்களைவிட அதைச் செய்யும் வேலையில் இறந்தவர்கள் அதிகம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அதை வடிவமைத்த வெர்னர் வான் பிரவுன் அமெரிக்காவுக்குப் போனார். நிலவுக்கு ஆள் அனுப்பிய ராக்கெட்டின் தலைமைப் பொறியாளராகப் புகழ்பெற்றார். 1946 அக்டோபரில் சோவியத்தும் ஜெர்மன் பொறியாளர்களைக் குடும்பத்தோடு ரயிலேற்றிக் கொண்டுபோனது.

நமக்கு இன்னும் முக்கியமான ஒரு பெயர் ஹான்ஸ் குளோப்கே. 1935இல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நூரம்பெர்க் சட்டங்களுக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர். யார் முழு யூதர், யார் அரை யூதர் என்று பிரித்து எழுதிய பேனா அது. ஹிட்லர் செத்தார், குளோப்கே 1953 முதல் 1963 வரை மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அலுவலகத் தலைவராக இருந்தார். நாஜி ராணுவத்தில் கிழக்குப் போர்முனை உளவுக்குத் தலைமை தாங்கிய கேலன், பிறகு மேற்கு ஜெர்மன் உளவுத்துறையின் தலைவரானார். போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலசார் 1949இல் நேட்டோவின் நிறுவன உறுப்பினர். ஹிட்லரின் குண்டுவீச்சு உதவியோடு ஆட்சியைப் பிடித்த பிராங்கோவோடு 1953இல் அமெரிக்கா ராணுவத் தள ஒப்பந்தம் செய்தது. கம்யூனிசத்தை எதிர்ப்பவனா, உள்ளே வா. பழையதைக் கேட்க மாட்டோம் என்பதே அன்றைய விதி.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. உழுபவனுக்கு நிலம் என்று புரட்சி செய்த நாட்டில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த நிலத்தை அரசே எடுத்துக்கொண்டது. 1932, 33 பஞ்சத்தில் பல லட்சம் உழவர்கள் மடிந்தார்கள். 1956இல் ஹங்கேரியில் தொழிலாளர்கள் மன்றம் அமைத்து எழுந்தபோது, பாசிஸ்டுகளின் கலகம் என்று சொல்லி டாங்கிகளை அனுப்பினார்கள். 1961இல் எழுப்பிய பெர்லின் சுவருக்கு அரசு வைத்த பெயர் பாசிச எதிர்ப்பு அரண். தப்பிப் போகிற சொந்தத் தொழிலாளியைச் சுடுவதற்குப் பாசிச எதிர்ப்பு என்று பெயர்! மேற்கே பாசிஸ்டை மன்னித்தார்கள். கிழக்கே பாசிசம் என்ற சொல்லைப் பாழாக்கினார்கள். இரண்டும் சேர்ந்து, பாசிசத்துக்கு வேர் எது என்ற அம்பேத்கரின் கேள்வியை மறைத்தன.

நிலம் கேட்டவன் எந்த முகாம்?

அந்த மறைப்பு ஏழை நாடுகளில் என்ன செய்தது? குவாதமாலாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட அர்பென்ஸ் அரசு, 1952இல், தரிசாகக் கிடந்த பெருநிலங்களை நிலமற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியின் நிலமும் அதில் இருந்தது. 1954இல் சி.ஐ.ஏ. ஏற்பாட்டில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. இந்தோனேசியாவில் 1965, 66இல் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லிப் பல லட்சம் பேரைக் கொன்றார்கள். அவர்களில் நிலச் சீர்திருத்தம் கேட்ட குடியானவர்கள் ஏராளம்.

விதிவிலக்கும் உண்டு. ஜப்பானிலும் தென் கொரியாவிலும் தைவானிலும் அமெரிக்க ஆதரவோடே நிலம் பங்கிடப்பட்டது. புரட்சி வாசலில் நிற்கிறது என்ற பயம் அங்கே நிலத்தைக் கொடுக்க வைத்தது. இந்தியாவில்? 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபாவிடம் தலித் மக்கள் நிலம் கேட்டார்கள். ஒரு நிலக்கிழார் நன்கொடையாகக் கொடுத்தார். பூதானம் பிறந்தது. ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்த மண்ணில், உரிமையாகக் கேட்டது தானமாக மாறியது. கேரளத்தில் நம்பூதிரிபாட் அரசு 1959 ஜூனில் நில உறவுச் சட்ட முன்வரைவை நிறைவேற்றியது. ஜூலை 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கேட்டது நெல்லில் கொஞ்சம் கூலி உயர்வு. அவர்கள் செய்த குற்றம் செங்கொடியை இறக்க மறுத்தது. போ சமவெளியின் பண்ணையார்கள் கருஞ்சட்டைகளை அனுப்பினார்கள். தஞ்சைச் சமவெளியில் நெல் உற்பத்தியாளர் சங்கம் கட்டினார்கள். நாற்பத்தெட்டு ஆண்டு இடைவெளி, ஒரே இலக்கணம். 1973இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது. அன்றைய உலகம் வியட்நாமைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெண்மணியைக் கூலிப் பிரச்சினை என்று ஒரு தரப்பும், கம்யூனிஸ்டுகள் கிளப்பிய பிரச்சினை என்று மறு தரப்பும் பேசின. எரிந்தவர்களின் சாதி இரண்டு பேச்சிலும் பின்னுக்குப் போனது.

நம் கடற்கரையில் வல்லரசுகள்

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை. அதன் பக்கத்திலேயே கல்பாக்கம். கடல்கடந்த வாணிப வல்லரசுகளின் போட்டிக்குச் சாட்சி முன்னது; அணு யுகத்தின் போட்டிக்குச் சாட்சி பின்னது. 1953 டிசம்பரில் ஐ.நா.வில் ஐசனோவர் அமைதிக்கான அணு என்று பேசினார். அணுவைப் பங்கிட்டு நாடுகளைத் தங்கள் பக்கம் இழுப்பதும் பனிப்போரின் ஓர் உத்தி. கனடா கொடுத்த உலையும் அமெரிக்கா கொடுத்த கனநீரும் நமக்கு வந்தது அந்த வழியில்தான். 1974இல் பொக்ரானில் இந்தியா வெடித்ததும் உதவி நின்றது. கல்பாக்கத்தின் முதல் மின் உலையை நம் பொறியாளர்களே முடித்தார்கள்; 1983இல் இயங்கத் தொடங்கியது. அது ஒரு சாதனை. மறுக்கவில்லை.

ஆனால் 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம் தகவலை மூடிவைக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. ஹிட்லரை முந்த வேண்டும் என்ற போர்க்கால ரகசியம் அமைதிக்காலச் சட்டமாக நம் கரைக்கு வந்து சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கல்பாக்கம் குடியிருப்பிலும் உயிர்கள் போயின. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. சுற்றிலும் உள்ள குப்பங்களிலும் சேரிகளிலும் இருப்பவர்கள் தங்கள் உடம்பைப் பற்றி, கடலைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்லும் கடமை யாருக்கு? நிலம் எடுப்பிலும் அதே அடுக்கு வேலை செய்தது. 2013 வரை நடைமுறையில் இருந்த 1894 சட்டத்தின் கீழ் நில இழப்பீடு உரிமை உள்ளவருக்கே கிடைத்தது. பட்டா இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அந்த வயலில் நாற்று நட்டவளுக்கு அந்தச் சட்டத்தின் கண்ணில் இழப்பே இருக்கவில்லை.

1956 டிசம்பரில் சீனப் பிரதமர் சூ என்லாய் மாமல்லபுரத்துக்கு வந்தார். ஆறே ஆண்டுகளில் போர். 2019 அக்டோபர் 11, 12இல் சீன அதிபரும் இந்தியப் பிரதமரும் அர்ச்சுனன் தபசின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சில நாள்கள் சாலையோரக் கடைகள் இல்லை, கடலில் போர்க்கப்பல்கள். சென்னையிலும் புறநகரிலும் இருந்த திபெத்திய மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் முன்கூட்டியே கைதானார்கள். எட்டே மாதத்தில், 2020 ஜூனில், கல்வான் பள்ளத்தாக்கில் இரு நாட்டுச் சிப்பாய்களும் அடித்துக்கொண்டு செத்தார்கள். வல்லரசுகள் கைகுலுக்கினாலும் சண்டையிட்டாலும், வழியிலிருந்து விலகச் சொல்லப்படுபவர் ஒரே ஆள்தான்.

மறைப்பு விலகிய பிறகு

1991 டிசம்பரில் சோவியத் கலைந்தது. வல்லரசுப் போட்டி முடிந்தது என்றார்கள். அப்படியானால் இனி நிலம் கேட்பவனை மாஸ்கோவின் ஆள் என்று சொல்ல முடியாது அல்லவா? 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் திரண்டவர்கள் எந்த வல்லரசின் ஆள்களும் அல்லர். அரசே 1892இல் கொடுத்து, அரசே பதிவு செய்து, சட்டப்படி விற்க முடியாத நிலத்தைத்தான் கேட்டார்கள். துப்பாக்கி அப்போதும் நீண்டது. அதே காலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் நிலத்தின் விலை ஏறத் தொடங்கியிருந்தது. பனிப்போர் என்ற திரை விலகியதும் பின்னால் நின்றது பழைய மிராசுதான். இப்போது அதன் கையில் மனைப்பிரிவு வரைபடம்.

இரட்டைமலை சீனிவாசன் இந்த மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். 1945 செப்டம்பரில், உலகப் போர் முடிந்த அதே மாதத்தில், காலமானார். ஹிட்லரின் ஆட்சி வீழ்ந்ததை அவர் பார்த்தார். மிராசின் ஆட்சி வீழ்வதை அவரும் பார்க்கவில்லை. நாமும் இன்னும் பார்க்கவில்லை.

அதனால் பாசிசம் என்ற சொல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்கிறோம். பிடிக்காதவரையெல்லாம் பாசிஸ்ட் என்றால் பெர்லின் சுவருக்குப் பெயர் வைத்தவர்களின் வழியில் போய்விடுவோம். மூன்றை மட்டும் பாருங்கள். தனியார் கும்பல் அடிக்கும்போது போலீஸ் ஒதுங்கி நிற்கிறதா? காகிதத்தை வைத்து ஒரு பகுதி மக்களின் குடியுரிமை கேள்விக்கு உள்ளாகிறதா? விசாரணை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சிறையில் வைக்கச் சட்டம் இடம் தருகிறதா? அறிஞர் ஆனந்த் தெல்தும்ப்டே 2020 ஏப்ரல் 14 அன்று, பாபாசாகேப் பிறந்த நாளில், சரணடைய வேண்டியிருந்தது. 2022 நவம்பரில்தான் பிணையில் வெளியே வந்தார். இந்த மூன்று கேள்விகளையும் எந்தக் கட்சி ஆட்சியிலும், எந்த நாட்டிலும் கேட்கலாம். வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் பெய்ஜிங்கிலும் கேட்கலாம். எந்த வல்லரசும் நம்மைக் காக்க வராது என்பதே இருபதாம் நூற்றாண்டு கொடுத்த படிப்பினை. போட்டிபோட்ட இரண்டு பேரும் குளோப்கேக்களையும் பொறியாளர்களையும் பங்கிட்டுக்கொண்டார்கள். டோரா சுரங்கத்தில் செத்தவனை எவரும் பங்கு கேட்கவில்லை.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வேலை. ஆளுக்கு ஒரு கிராமம் எடுத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். பழைய நிலவரித் திட்ட ஆவணத்தில் டி.சி. நிலம் என்று குறித்த சர்வே எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கி, எந்த ஆண்டில் யார் கைக்குப் போனது என்று வரிசைப்படுத்துங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குளோப்கேயின் பேனா செய்த வேலையைப் பேனாவால்தான் அவிழ்க்க வேண்டும். அந்தப் பட்டியல்களைக் கொண்டுவந்து அடுத்த ஆண்டு இதே அக்டோபரில் இந்த மேடையில் வாசியுங்கள். ஜான் தாமஸுக்கும் ஏழுமலைக்கும் அதைவிடப் பொருத்தமான அஞ்சலி வேறு இல்லை.

ஜெய்பீம்.